கோவிட் வந்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

பொந்தியான் வட்டாரத்தில் அரசாங்க கிளினிக்கில் பிரஷருக்கு மருந்து எடுக்கும் பெரியவர்கள் பலருக்குப் பெரிண்டோபிரில் பழகிய பெயர். கோவிட் கண்டால் அந்த மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும் என்ற பேச்சு 2020 மார்ச்சில் உலகெங்கும் கிளம்பியது. நம் தோட்டத்து வீடுகளில் இன்றும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பி நிறுத்தினால் கேடு வரும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? உடம்பில் ஏஸ் என்றொரு நொதி இருக்கிறது. அதனால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் 2 ரத்தக் குழாயைச் சுருக்கும், அழற்சியைத் தூண்டும். ஏஸ்2 என்ற இன்னொரு நொதி அதை உடைத்து, குழாயைத் தளர்த்தும் பொருளாக மாற்றும். கொரோனா கிருமி செல்லுக்குள் நுழையும் கதவு இந்த ஏஸ்2தான். நுரையீரலில் மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், குடலிலும் அது உண்டு. கிருமி நுழையும்போது ஏஸ்2வும் உள்ளே இழுக்கப்பட்டு, செல்லின் மேற்பரப்பில் குறைந்துபோகிறது. அப்போது ஆஞ்சியோடென்சின் 2 உடைபடாமல் தேங்கி, அழற்சியும் ரத்தம் உறைவதும் கூடுகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

பெரிண்டோபிரில் தடுப்பது ஏஸை, ஏஸ்2வை அல்ல. ஆனால் இவ்வகை மாத்திரை ஏஸ்2வைப் பெருக்கலாம் என்று விலங்கு ஆய்வுகள் சில சொன்னதால் பயம் பிறந்தது. பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 659 கோவிட் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை என்று 2021 ஜனவரியில் முடிவு வெளியானது. ஆகவே டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கோவிட்டில் அடுத்த ஆபத்து, நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் படையே வரம்பு மீறுவது. முதல் சில நாள் கிருமி பெருகும். ஒரு வாரத்துக்குப் பிறகு சிலருக்கு ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ஏறி நுரையீரலைத் தாக்கும். அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து உதவுவது இந்தக் கட்டத்தில்தான். 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு காட்டியபடி, சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனே இல்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே அதை வாங்கி விழுங்கினால் இனிப்புநீர் ஏறும். 2019 கணக்குப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாக இந்தியர்களிடம்தான் அதிகம். இந்தத் தகவல் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

கோவிட் முற்றாமல் தடுக்கும் என்று சிலர் நம்பிய ஐவர்மெக்டின் மாத்திரையை நம் நாட்டிலேயே சோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய, வேறு நோயும் உள்ள 490 பேரில், அதைச் சாப்பிட்டவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும் சாப்பிடாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. அது தடுக்கவில்லை.

பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரை கிருமியின் நொதி ஒன்றையே முடக்கும். அறிகுறி தெரிந்த ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்கள் இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. அதனால் கிளினிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்குவது உண்டு.

வேலையை நினைத்து நோயை மறைக்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்து ஆண்டு வரை 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு எம்.சி. உண்டு, மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் தனி. முதலாளி மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வேலையிடத்தில் தொற்றியது என்றால் தொழில்சார் நோயாக சொக்சோவில் கோரிக்கை வைக்கலாம். அதற்கு எம்.சி. தாள், பரிசோதனை முடிவு, உடன் வேலை செய்தவர்களில் யார் யாருக்கு எப்போது நோய் வந்தது என்ற விவரம், மூன்றையும் அன்றன்றே எடுத்து வையுங்கள். தினமும் வேலைக்குச் சிங்கப்பூர் போய்வருபவர்களுக்கு அங்குள்ள சட்டம் பொருந்தும். அவர்கள் அங்கேயே கேட்க வேண்டும்.