வெறும் சுண்ணாம்பு

மயிலாப்பூர் மாட வீதிக்கு அருகே நம் சிநேகிதர் ஒருவர் வசிக்கிறார். பாட்டனார் கட்டிய வீட்டை இடித்து அடுக்குமாடிக் கட்டிடம் எழுப்பப் போவதாகவும், கூடம் முழுவதும் இத்தாலியச் சலவைக்கல் பதிக்கப் போவதாகவும் சென்ற வாரம் அவர் பெருமையுடன் தெரிவித்தார். நாம் கூடத்துத் தூணைத் தடவிப் பார்த்தோம். வழவழவென்று குளிர்ந்திருந்தது, நம் முகம்கூட மங்கலாகத் தெரிந்தது.

"இது எந்த ஊர்ச் சலவைக்கல்?" என்று கேட்டோம்.

"சலவைக்கல்லாவது! வெறும் சுண்ணாம்பு, ஸார்!" என்றார்.

அந்த 'வெறும்' என்ற சொல்லைப் பற்றியே நேயர்களிடம் சிறிது பேச விரும்புகிறோம்.

ஆதியில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, கல்லாக இறுகிற்று. பல இடங்களில் அதைத் தந்தவை கடல் ஜந்துக்களின் ஓடுகளே. அக்கல் பூமிக்குள் அமிழ்ந்து, உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிச் சலவைக்கல்லாயிற்று. தாஜ்மகாலுக்குக் கல் தந்த ராஜஸ்தானத்து மக்ரானாவும், மைக்கேலாஞ்சலோ சிலைக்குக் கல் தேடிச் சென்ற இத்தாலியின் கராராவும் இத்தகைய கல் விளைந்த இடங்கள்.

சென்னைக்கு அருகே அப்படிப்பட்ட மலை இல்லை. ஆனால் கடல் உண்டு. பழவேற்காட்டில் கிளிஞ்சல் உண்டு. நம் கொத்தனார்கள் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணல் சேர்த்துப் பூசினார்கள். கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை வெண்ணெய் போல் அரைத்து, முட்டையின் வெண்கரு, தயிர், நெய் முதலியவற்றைக் கலந்தார்கள். பூசியபின் வழவழப்பான கல்லால் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினார்கள்.

சுடும்போது இழந்த கரியமில வாயுவை அப்பூச்சு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெறுகிறது. முடிவில் சலவைக்கல் எதுவோ அதுவே இதுவும்: கால்ஸியம் கார்பனேட். சந்தேகமுள்ளவர்கள் இரண்டின்மீதும் எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றுபோல் மெருகிழக்கும். வீட்டு அம்மாள் கோபித்துக்கொண்டால் நாம் ஜவாப்தாரியல்ல!

வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர், 1793இல் வெளியான தம் யாத்திரை நூலில், சென்னைப் பூச்சின் மெருகைச் சலவைக்கல்லுக்கு ஒப்பிட்டார். இந்நகரின் தூண் வரிசைகள் அவருக்குப் பண்டைக் கிரேக்க நகரை நினைவூட்டினவாம். அந்நியர் வியந்ததை நாம் 'வெறும்' என்கிறோம்!

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. பழைய சுவரில் விரிசல் கண்டவுடன் சிமெண்டைப் பூசுகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைத்துவிடும். சுவர் ஓதம் ஏறி உதிர்கிறது. "பழைய வீடு, இனித் தாங்காது" என்று தீர்ப்புச் சொல்லி இடித்துவிடுகிறோம்.

இத்தாலியக் கல்லைப் பணம் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இந்தத் தூணுக்கு மெருகிட்ட கை மறைந்தால் எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே, பழைய வீடுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுவர் விரிந்தால், சிமெண்டு மூட்டையை அவிழ்க்குமுன், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அவரோடு ஓர் இளைஞனையும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை கிடைத்தால்தான் இவனுக்கு வித்தை கிடைக்கும்.