ஐம்பது வயது வரம்பும் அதன் மறுபக்கத்தில் இருக்கும் பெண்ணும்

செயற்கைக் கருத்தரிப்புக்கான வயது வரம்பைப் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஐம்பது முடியும் வரை சிகிச்சை பெறலாமா, ஐம்பது பிறக்கும் வரைதானா? மனைவிக்கு 47, கணவருக்கு 56 என்றால் என்ன ஆகும்? வரும் தை மாதம் ஐம்பதைத் தொடுகிறவர்கள் அதற்குள் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டால் போதுமா? 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் மத்தியச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 21-க்கு மேல், 50-க்குக் கீழ். ஆணுக்கு 21-க்கு மேல், 55-க்குக் கீழ். ஐம்பதாவது பிறந்தநாள் வந்துவிட்டால் வரம்பு தாண்டியாயிற்று. முன்பணம் கட்டிய தேதி காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம். சட்டம் வந்த நாளில் சிகிச்சையின் நடுவில் இருந்த சிலருக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் வழிவிட்டது உண்மை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

ஆனால் இந்தக் கடிதங்கள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்குச் சிகிச்சை பலித்தால், பெரும்பாலும் அந்தக் கருமுட்டை அவருடையதாக இருப்பதில்லை. 2019 செப்டம்பரில் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. அந்த வயதில் பெறலாமா, மருத்துவர் செய்தது தர்மமா என்று பேசினோம். முட்டை கொடுத்த பெண்ணைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை. சட்டமும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. பெற்றுக்கொள்கிறவரின் வயதுக்கு உறுதியான கோடு போட்டது. கொடுக்கிறவரின் பாதுகாப்பை மருத்துவமனைக்காரர் கையாலேயே எழுதப்படும் பதிவேட்டிடம் ஒப்படைத்துவிட்டது. அவர் 23-இலிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒருவருடைய முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது, பணத்துக்கு விற்பது குற்றம். படிக்கும்போது இந்த விதிகள் எல்லாம் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பது போலவே தெரிகிறது. அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால்தான் கவலை பிறக்கிறது.

ஒரு பெண்ணின் உடலில் மாதத்துக்கு ஒரு முட்டைதான் இயல்பாக முதிர்கிறது. அதைப் பத்து, பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசியால் பலவாகப் பெருக்குவதுதான் இன்றைய சிகிச்சையின் அடித்தளம். இந்த வழியை மிக ஆரம்பத்திலேயே கையில் எடுத்தவர்களில் ஒருவர் கொல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய. 1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தபோது, அதைச் சாத்தியமாக்கிய எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் அந்தத் தாயின் இயல்பான மாதச் சுழற்சியில் கிடைத்த ஒற்றை முட்டையையே பயன்படுத்தினார்கள். அடுத்த 70-ஆம் நாள், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் 'துர்கா' பிறந்தாள். முகோபாத்யாய ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்து, கருவை உறைய வைத்து, பின்னொரு சுழற்சியில் கருப்பையில் வைத்ததாக அறிவித்தார். முட்டை முதிரும் மாதமும் கரு தங்கும் மாதமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டால், முட்டை முதிரும் உடலும் கரு தங்கும் உடலும் ஒன்றாக இருக்கவும் தேவையில்லை. இன்று ஒரு பெண்ணின் முட்டை இன்னொரு பெண்ணின் கருப்பைக்குப் போவதற்கான வழி இந்த இரண்டு உத்திகளின் மேல்தான் நிற்கிறது.

முகோபாத்யாயவுக்கு நேர்ந்ததும் இந்த விவாதத்துக்கு வேண்டிய செய்திதான். அந்த ஆண்டு நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் வானொலி இயற்பியல் படித்தவர். இந்தத் துறையில் கைபழகியவர்கள் அதில் இல்லை. முகோபாத்யாய சொன்னது பொய் என்று குழு முடிவு கட்டியது. வெளிநாட்டில் போய்த் தன் ஆய்வை விளக்க அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து, நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்ட குழந்தையை உருவாக்கிய டி.சி. ஆனந்த் குமார், பின்னாளில் முகோபாத்யாயவின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று 1997-இல் எழுதினார். தன் பெயரோடு ஒட்டியிருந்த 'முதல்' என்ற பட்டத்தைத் தானே கழற்றிக் கொடுத்த நேர்மை அது. குறிப்பேடுகளைத் திறந்து பார்த்த ஒருவரால் முடிந்ததை, அரசாங்கக் குழுவால் செய்ய முடியவில்லை. அன்று மருத்துவரின் ஆவணங்களைச் சரிவரப் பார்க்காமலேயே பொய் என்றார்கள். இன்று மருத்துவமனையின் ஆவணங்களைச் சரிவரப் பார்க்காமலேயே மெய் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஈரோட்டில் நடந்தது இதைத்தான் காட்டியது. 2022 ஜூனில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பல முறை கருமுட்டை கொடுக்க வைத்த வழக்கு வெளியே வந்தது. சிறுமியின் தாயும், அவருடன் வாழ்ந்தவரும், பெண் புரோக்கர் ஒருவரும், ஆதார் அட்டையில் வயதை மாற்றிக் கொடுத்தவரும் கைதானார்கள். விசாரணையில் தமிழ்நாட்டில் நான்கும், கேரளத்தில் ஒன்றும், ஆந்திரத்தில் ஒன்றுமாக மருத்துவமனைகளின் பெயர் அடிபட்டது. ஜூலையில் தமிழக அரசு இங்குள்ள மருத்துவமனைகளை மூட உத்தரவிட்டது. முட்டை எடுப்பதற்கு முன் அந்தச் சிறுமியை ஒவ்வொரு முறையும் மருத்துவர்கள் பார்த்திருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள், மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். இத்தனை கண்களையும் ஓர் அட்டை ஏமாற்றிவிட்டது என்றால், அந்த அட்டையை நம்பித்தான் 'வாழ்நாளில் ஒரு முறை' என்ற விதி நிற்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முட்டை கொடுப்பவரின் ஆதார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஜெராக்ஸ் வாங்கிக் கோப்பில் வைப்பது வேறு, கைரேகை வைத்து ஆளையும் எண்ணையும் ஒப்பிடுவது வேறு. அரசு தேசியப் பதிவேடு என்று பெருமையாகச் சொல்வது, நடைமுறையில் மருத்துவமனைகளும் முட்டை வங்கிகளும் தாங்களே எழுதி அனுப்பும் விவரங்களின் தொகுப்பு. எழுதாமல் விட்ட பெயர் அதில் இருக்காது.

ஏழு முட்டை என்ற கணக்கும் அப்படித்தான். ஊசி போட்ட பிறகு எத்தனை முட்டை முதிரும் என்று எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்தும் வரும், பதினைந்தும் வரும். எடுத்த பிறகு எண்ணுபவர் அதே மருத்துவமனையின் ஆய்வக ஊழியர். அறுவை அறையில் மயங்கிக் கிடக்கும் பெண்ணுக்குத் தன்னிடமிருந்து எத்தனை எடுத்தார்கள் என்று தெரிய வழியில்லை. வெளியாள் ஒருவர் எண்ணிப் பார்க்கும் ஏற்பாடும் இல்லை. முன்பு ஒருவரிடம் எடுத்ததை இரண்டு மூன்று தம்பதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது ஒருவருக்கு ஒரு தம்பதி என்பதால் தேவைப்படும் பெண்களின் எண்ணிக்கை கூடியது. ஒரு முறை வந்தவர் மறுபடி வரக் கூடாது, பணமும் கிடையாது என்பதால் முன்வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. தேவைக்கும் வரத்துக்கும் நடுவே விரிந்த அந்த இடத்தில் புரோக்கர் உட்கார்ந்துகொள்கிறார். அவர் தேடிப் போகிற வீடு எது என்று ஊகிப்பது கடினமல்ல. முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றி, வாராவாரம் குழுக் கடன் கட்டும் வீட்டில் சில ஆயிரம் ரூபாய் என்ன கனம் கனக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இது விளையாட்டான காரியமும் அல்ல. ஊசியின் விளைவாகச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2010-இல் மும்பையில் 17 வயதுப் பெண்ணும், 2014-இல் டெல்லியில் 23 வயதுப் பெண்ணும் முட்டை கொடுத்த பின் இறந்தார்கள்.

அப்படியானால் வெளிப்படையாகப் பணம் கொடுக்க அனுமதித்துவிடலாமே, புரோக்கர் ஒழிவாரே என்று ஒரு வாதம் உண்டு. அதை ஏற்க முடியவில்லை. விலை வைத்தால், கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்கு அது இன்னொரு வருமானமாகிவிடும், ஒரு முறை என்ற வரம்பை உடைக்கத் தூண்டுதல் பெருகும். தடை இருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. சிறுநீரகத்தை விற்க 1994-லிருந்தே தடை இருக்கிறது. அனுமதி கொடுக்கத் தனிக் குழுவும் இருக்கிறது. அப்படியும் 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் போலி ஆவணங்களின் பேரில் கைமாறியது வெளிவந்தது. குழந்தைக்கு ஏங்குகிறவர்களை இந்தக் கேள்விகளால் நோகடிக்கலாமா என்று இன்னொரு ஆட்சேபம் வரும். ஆடிப்பூரத்தில் காந்திமதி அம்மனின் வளைகாப்புக்குக் கூடும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த ஏக்கத்தைச் சிறுமைப்படுத்த மாட்டார்கள். ஆனால் ஏமாற்றப்பட்ட ஒரு சிறுமியின் உடலிலிருந்து தன் குழந்தை வந்ததென்று பின்னாளில் அறிய எந்தத் தாயும் விரும்ப மாட்டாள். கைரேகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதும், பதிவேட்டில் பெயர் இல்லை என்று உறுதியான பிறகே முதல் ஊசி என்பதும், எத்தனை முட்டை எடுத்தோம் என்று கையெழுத்திட்ட சீட்டை அந்தப் பெண்ணிடமே கொடுப்பதும், நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து திடீர்ச் சோதனை நடத்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தம்பதிக்கும் முட்டை கொடுத்தவருக்கும் ஒருசேரப் பாதுகாப்பு அவற்றில்தான் இருக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கணவர் இல்லாத பெண் சிகிச்சை பெறலாமா? பெறலாம், அதே வயது வரம்புக்குள்.

வாடகைத் தாய்க்கும் இதே வயதுதானா? அது தனிச் சட்டம். மனைவி 23–50, கணவர் 26–55. சட்டத்துக்கு முன்பே கருவை உறைய வைத்தவர்களுக்கு வயது தடையில்லை என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உறைய வைத்த கருவை எவ்வளவு காலம் வைக்கலாம்? பத்து ஆண்டு.

ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கலாமா? கூடாது. அதற்கான வசதி உண்டு என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைக்கு 5 முதல் 10 ஆண்டு சிறையோ, அபராதமோ, இரண்டுமோ.

விதியை மீறிய மருத்துவமனைக்கு என்ன தண்டனை? முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். சிறை அடுத்த முறைதான்.

முட்டை கொடுத்தவர் பின்னாளில் குழந்தைக்கு உரிமை கோரலாமா? முடியாது; குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியுடையது.

கொடுக்கச் சம்மதித்தவர் மனம் மாறினால்? கருவைக் கருப்பையில் வைக்கும் முன் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

அவருக்கு என்ன கிடைக்கும்? தம்பதியின் செலவில் 12 மாதக் காப்பீடு. அது இல்லாமல் மருத்துவமனை எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. எனவே முதல் ஊசிக்கு முன்பே பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.