ஆலயப் படிக்கட்டும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையும்

தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில், சக்கர நாற்காலியில் வருபவரை இளைஞர்கள் நால்வர் தூக்கிக்கொண்டு படியேறுவது அன்பின் அடையாளமாகவே இன்னும் கருதப்படுகிறது. தூக்கப்படுபவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, அவர் தவறி விழுந்தால் பொறுப்பேற்பவரும் இல்லை. தூக்க ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் அவர் வீட்டோடு இருந்துவிடுகிறார். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் மிஷனரிகள் பள்ளிகளைத் தொடங்கிய மரபில் வந்த சபைகள், கோபுரத்துக்கு நிதி திரட்டிய பிறகும் வாசலில் ஒரு சாய்தளம் கட்டாமல் காலம் கடத்துவதை ஏற்க இயலாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களையும் 'பொதுக் கட்டடம்' என்ற வரையறைக்குள் கொண்டுவருவதோடு, சமயப் பயன்பாட்டுக்கான கட்டடங்களையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்திருப்பதால், ஆலயத்தின் நுழைவாயில் சபையாரின் இரக்கத்தைப் பொறுத்த விஷயம் அன்று. 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவருக்கு மட்டுமே இவ்வுரிமை உண்டு என்று சில கமிட்டியினர் சொல்வது தவறாகும். அந்த வரம்பு இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு உரியதே தவிர, கட்டடத்துக்குள் நுழைவதற்கு உரியதன்று.

சாய்தளம் என்ற பெயரில் வழுவழுப்பான ஓடு பதித்த செங்குத்துச் சரிவைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது, ஒன்றும் கட்டாமல் இருப்பதைவிட ஆபத்தானது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே ஏற்கப்பட்ட அளவு. எனவே 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாக 5.4 மீட்டர் நீளச் சாய்தளமும், குறைந்தது 120 செ.மீ. அகலமும், இருபுறமும் கைப்பிடியும் தேவைப்படும்.

சாய்தளம் கோரும் மனுவை எங்கே கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறுகின்றன. குருவானவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதால் பயனில்லை. சி.எஸ்.ஐ. சபையானால் சேகரக் கமிட்டிக்கும், கத்தோலிக்கப் பங்கானால் பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் எழுத்து மூலம் மனு அளித்து, எந்த வாசலில் என்ன தடை உள்ளது என்பதை நிழற்படத்துடன் குறிப்பிட்டு, அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுமாறு கோரி, நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையொப்பம் பெற வேண்டும். கையொப்பமிட மறுத்தால் அம்மனுவையே ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்பி, மற்றொரு நகலைப் பேராயர் அல்லது ஆயர் அலுவலகத்துக்கும் சேர்ப்பிக்க வேண்டும். அங்கும் பதில் இல்லையெனில், இந்நகல்களுடன் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு முறையிடலாம். உரிமை மறுப்பை விசாரிக்கவும், சாட்சிகளை அழைக்கவும் சட்டம் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தை அளித்துள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது. அங்கே மனுவை வாங்கி மேசையில் போட்டுவைக்கும் அலுவலர்களும் உண்டு என்பதால், ஒப்புகை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் எந்தத் தாளையும் கொடுக்கக் கூடாது.

புதிய ஆலயமோ சபை மண்டபமோ கட்டத் திட்டமிடும் கட்டமே தலையிடுவதற்கு ஏற்ற தருணம், ஏனெனில் அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு அனுமதியும், கட்டி முடித்த பின் நிறைவுச் சான்றும் வழங்கக் கூடாது என்று சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இவ்விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க இயலாது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் 'புரியாது' என்று சொல்லி முதல் நற்கருணையையோ திடப்படுத்தலையோ மறுப்பதும் நடக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 777ஆம் விதி, உடல் அல்லது மனக் குறைபாடுள்ளோருக்கு அவர்கள் நிலைக்கேற்ற மறைக்கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பைப் பங்குத்தந்தையிடமே ஒப்படைத்திருப்பதால், பெற்றோர் அவ்விதியைச் சுட்டி ஆயருக்கு எழுதலாம்.

இவை எல்லாவற்றினும் கொடியது, குணமளிக்கும் கூட்டங்களில் வலிப்பு நோயாளியையும் மனநோயாளியையும் மேடையேற்றி மருந்தை நிறுத்தச் சொல்வது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிர் போகலாம். எவர் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பொதுவெளியில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இத்தகைய கொடுமையைக் காண்பவர் எவராயினும் காவல் நிலையத்திலும், நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியரிடமும் புகார் அளிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் உறவினராக இருக்க வேண்டிய அவசியமில்லை.