அட்டையைக் காட்டினால் கதவு திறப்பது எப்படி?



டிப்ளமா முடித்துச் சென்னை, ஓசூர், கோவை என்று வேலைக்குப் போகும் நம்ம நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளின் கழுத்தில் முதலில் ஏறுவது ஒரு பிளாஸ்டிக் அட்டைதான். சாவியும் கிடையாது, சாவித் துவாரமும் கிடையாது. சுவரில் உள்ள சின்னப் பெட்டியருகே அட்டையைக் காட்டினால் 'பீப்' என்கிறது, கதவு திறக்கிறது. இதில் மந்திரம் ஒண்ணும் இல்லை மக்களே! லேபில் நாம் பார்த்த டிரான்ஸ்ஃபார்மர்தான் இது.

அட்டைக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருளும், கடுகளவு சிப்பும் உண்டு. பாட்டரி கிடையாது. சுவரிலுள்ள ரீடர் தன் சுருளில் 125 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. பிரைமரி சுவரில், செகண்டரி நம் சட்டைப் பையில், இரண்டுக்கும் நடுவே காற்றுதான் கோர்! அதனால்தான் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் காட்ட வேண்டியிருக்கிறது. அட்டைச் சுருளும் கெப்பாசிட்டரும் அதே 125 கிலோஹெர்ட்ஸில் ரெசொனன்ஸ் ஆவதால், சிப் விழித்துக்கொள்ளப் போதுமான வோல்டேஜ் கிடைத்துவிடுகிறது.

சரி, சிப் எப்படிப் பதில் சொல்லும்? செகண்டரியில் லோடு ஏற்றினால் பிரைமரி அம்மீட்டர் முள் நகருமல்லவா? அதே கதைதான். சிப் தன் சுருளின் லோடை ஏற்றி இறக்குகிறது. அந்த அசைவை ரீடர் 1, 0 என்று படித்துக்கொள்கிறது. பரவலாக உள்ள இ.எம். 4100 வகை அட்டையில் மொத்தம் 64 பிட்கள். ஒரு பிட்டுக்கு 64 சைக்கிள் என்றால் மொத்தம் 4,096 சைக்கிள். அதை 1,25,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 33 மில்லிசெகண்ட். கண் இமைக்கும் முன் வேலை முடிந்தது! தொடாமலே கதவு திறக்கும் இத்தகைய மின்னணு அட்டைக்கு அமெரிக்கரான சார்லஸ் வால்டன் 1973-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

அட்டையின் மேல் 0012345678 என்றும், பக்கத்தில் 188,24910 என்றும் அச்சிட்டிருந்தால் இரண்டும் ஒரே எண்தான். 188-ஐ 65,536-ஆல் பெருக்கி 24,910-ஐக் கூட்டிப் பாருங்கள், புரியும். 188-க்கு 8 பிட், 24910-க்கு 16 பிட், சரிபார்க்க 2 பாரிட்டி பிட், ஆக 26. இதுதான் 'வீகண்ட் 26'. டி-0, டி-1 என்ற இரண்டு வயர்கள் வழியாக இது கண்ட்ரோலருக்குப் போகிறது. யார், எந்தக் கதவு, எந்த நேரம் என்று பார்த்து முடிவெடுப்பது கண்ட்ரோலர்தான்; அட்டை அல்ல. ஆகவே அட்டை தொலைந்தால் அந்த எண்ணை நீக்கினால் போதும், பூட்டை மாற்ற வேண்டாம்.

ஆனால் இந்தப் பழைய அட்டை, கேட்கிற எந்த ரீடருக்கும் தன் எண்ணைச் சொல்லிவிடும் அப்பாவி. நகல் எடுப்பது எளிது. 1994-ல் வந்த மைஃபேர் அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸில், ரகசியச் சாவியோடு பேசியது. அதன் பூட்டையும் 2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். இன்று ஏ.இ.எஸ். குறியாக்கம் உள்ள அட்டைகளே நம்பத் தக்கவை. எதுவானாலும் அட்டையை நண்பனுக்கு இரவல் கொடுக்காதீர்கள். அவன் உள்ளே போனாலும் பதிவேட்டில் ஏறுவது உங்கள் பெயர்தான்!

கடைசியாக ஒன்று. உள்ளே விடுவதைவிட வெளியே விடுவதுதான் முக்கியம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, 9-ஆவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்த விபத்தில் மாண்டவர்கள் 146 பேர். சுமார் 270 கிலோ இழுவை தாங்கும் 12 வோல்ட் காந்தப் பூட்டை மனிதக் கையால் பிய்க்க முடியாது. கரண்ட் நின்றால்தான் விடும். நான் பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில், வெளியேறும் பட்டனின் வயர் கண்ட்ரோலருக்கு மட்டுமே போயிருந்தது. கண்ட்ரோலர் உறைந்துபோனால் உள்ளே இருப்பவர் கதி என்ன?

நாளைக்கு இந்த வயரிங்கைச் செய்யப் போகிறவர்கள் நாம்தான். வெளியேறும் பட்டனும் தீ அலாரம் ரிலேயும், கண்ட்ரோலரைக் கேட்காமல், காந்தத்தின் சப்ளையை நேராக அறுக்கும்படி இணையுங்கள். வேலை முடிந்ததும் கண்ட்ரோலரை அணைத்துவிட்டுப் பட்டனை அமுக்கிப் பாருங்கள். கதவு திறந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்!