102 நாள் மிச்சம். 73 உயிர் செலவு

சீனத்தின் ஜியாங்ஸி மாகாணத்தில், கான் நதி ஓரமாக, ஃபெங்செங் என்றொரு ஊர் இருக்கிறது. நிலக்கரிக்குப் பேர்போன ஊர். கரி இருக்கும் இடத்தில் மின்சார நிலையம் வருவது இயற்கைதானே! பழைய நிலையம் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூன்றாம் கட்ட விரிவாக்கமாக, தலைக்கு 1000 மெகாவாட் சக்தி கொண்ட இரண்டு புதிய யந்திரத் தொகுதிகளை நிறுவும் வேலை நடந்தது.

2016 நவம்பர் 24, காலை ஏழரை மணி. அந்த நிலையத்தின் 7-ம் எண் குளிர்விப்புக் கோபுரத்தில், சுமார் 75 மீட்டர் உயரத்தில், தொழிலாளர்கள் வேலையில் இருந்தார்கள். சுவர் சரிந்தது. சுவரோடு சாரமும், சாரத்தோடு மனிதர்களும் கீழே விழுந்தார்கள். 73 பேர் மாண்டார்கள். 2 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்கள் ஹெபெய் போன்ற தூரத்து மாகாணங்களின் கிராமங்களை விட்டுக் கூலிக்கு வந்தவர்கள்.

கட்டட வேலை தெரிந்த தோழர்களுக்கு இந்தச் சங்கதி எளிதில் விளங்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கரியை எரித்து நீராவி எடுக்கிறோம். நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த நீராவியைத் தண்ணீராக்கி மறுபடியும் கொதிகலனுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீரை ஆற வைக்கும் இடம்தான் இந்தக் கோபுரம். உடுக்கை போல் இடை சிறுத்து நிற்கும் வெற்றுக் கூடு. ஃபெங்செங்கில் அதன் திட்ட உயரம் 165 மீட்டர். அடியில் சுவரின் கனம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். மேலே போகப் போக ஒரு முழம்கூட இல்லை.

இதற்குத் தரையிலிருந்து சாரம் கட்டுவதில்லை. வளையம் வளையமாகக் காங்கிரீட் போட்டுக்கொண்டே ஏறுவார்கள். மூன்று அடுக்குச் சென்ட்ரிங் பலகை இருக்கும். மேல் அடுக்கில் காங்கிரீட் விழும். அடி அடுக்கைக் கழற்றி மேலே கொண்டுபோய் மாட்டுவார்கள். தொழிலாளி நிற்கும் மேடையும் அதே பலகைகளோடுதான் சேர்ந்து நிற்கிறது. அதாவது, நேற்றோ முந்தாநாளோ தான் வார்த்த காங்கிரீட்டை நம்பித்தான் அவன் அந்தரத்தில் நிற்கிறான். அது இறுகியிருந்தால் அவனுக்கு உயிர், இறுகவில்லை என்றால்?

இறுகவில்லை. அந்த வாரம் திடீரென்று குளிர் இறங்கியது, மழையும் பெய்தது. குளிரில் காங்கிரீட் மெல்லத்தான் பிடிக்கும் என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரியும். 50-ம் வளையத்தின் பலகையைக் கழற்ற வேண்டுமானால் அதற்கு மேலுள்ள 51-ம் வளையம் 6 மெகாபாஸ்கல் வலுவை எட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இருந்தும் பலகையைக் கழற்றச் சொன்னார்கள். மேலே இருந்த பாரம் முழுவதும் அந்தப் பச்சைக் காங்கிரீட்டின் தலையில் இறங்கியது. மிகவும் பலவீனமான இடத்தில் விரிசல் கண்டு, சுற்றுச் சுவர் முழுவதும் வரிசையாக உதிர்ந்தது. கோபுரத்தின் நடுவே தொழிலாளர் ஏறி இறங்க நிறுத்தியிருந்த பாலமும் அதோடு சாய்ந்தது.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா? அதுதான் இல்லை. சோதனைக்காக வார்த்த கட்டிகள் அச்சைவிட்டுக் கழற்ற முடியாத அளவுக்கு இளகிக் கிடந்ததை அங்கிருந்தவர்கள் முன்பே கண்டார்கள். அது போதும், வேலையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை? கோபுரச் சுவருக்கு முதலில் குறித்த காலம் 212 நாள். அதை 110 நாளாகச் சுருக்கினார்கள். 102 நாளை ஒரே வெட்டாக வெட்டி எறிந்தார்கள்! "நூறு நாள் பாடுபடுவோம்" என்று செப்டம்பரில் கூட்டம் கூட்டி முழக்கமிட்டார்கள். இத்தனை நாளைக் குறைத்தால் காங்கிரீட் இறுகுவதற்கு எங்கே நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் எவருமில்லை. முழக்கம் போட்டவர்கள் தரையில் நின்றார்கள்.

இந்த அவசரத்துக்கு நாட்டில் மின்சாரப் பஞ்சம் காரணமா? அதுவும் இல்லை. 2014 கடைசியில் கரி மின் நிலையங்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் மத்திய சர்க்காரிடமிருந்து மாகாணங்களுக்குப் போயிற்று. அதற்கடுத்த வருஷம் அனுமதிகள் மழையாய்ப் பொழிந்தன. நிலையம் வந்தால் மாகாணத்தின் உற்பத்திக் கணக்கு ஏறும், கண்டிராக்டுகள் கிடைக்கும். ஆனால் 2016-ல் சீனத்தின் அனல் மின் நிலையங்கள் வருஷத்தின் 8760 மணியில் சராசரியாகப் பாதி நேரம்கூட ஓடவில்லை. இருக்கும் யந்திரமே பாதி நாள் சும்மா கிடக்கும்போது, புதியதற்கு இத்தனை ஓட்டம்!

சீனத்தைப் பற்றிக் குறை சொன்னால் எதிரிக்குத் தீனி போட்டதாகாதா என்று சில தோழர்கள் கேட்பார்கள். இந்த விவரங்களை எதிரி சொல்லவில்லை. 2017 செப்டம்பரில் வெளியான, சீன அரசவை அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையே சொல்கிறது. செத்தவன் தொழிலாளி. அவன் எந்தக் கொடியின் கீழ் செத்தான் என்று பார்த்துக் கண்ணீரை அளந்து விடுவது நம் வழக்கமல்ல.

2020 ஏப்ரலில் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லின. 28 பேருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் தண்டனை. விபத்துக்குப் பொறுப்பான குற்றம் மட்டுமல்ல, சிலர்மீது லஞ்சக் குற்றமும் நிரூபணமாயிற்று. தண்டனை சரிதான், கேட்பதற்கு ஆறுதலும்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. விசாரணைக் குழுவில் தேசியத் தொழிற்சங்கச் சம்மேளனமும் இடம்பெற்றது. பிணங்களை எடுத்த பிறகு காகிதம் புரட்ட வந்தார்கள், நல்லது. அந்த நவம்பர் காலையில், 75 மீட்டர் உயரத்தில், "காங்கிரீட் பச்சையாக இருக்கிறது, பலகையில் கை வைக்காதே" என்று தடுத்து, தடுத்த பிறகும் வேலையில் நிலைத்திருக்கக்கூடிய ஒரு சங்க ஊழியர் எங்கே போனார்?