அளவு ஜாக்கெட்டும் நம் ஜவுளி வியாபாரமும்

ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர்களை எங்கே சந்தித்தாலும் இப்போது ஒரே பேச்சுதான். "மீட்டர் துணி வியாபாரம் படுத்துவிட்டது அண்ணாச்சி, எல்லாரும் ரெடிமேடுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் கைபேசியில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்" என்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. என் கடையிலேயே இரண்டு வருடத்துக்கு முன்பு மகன் ஒரு நாள் கணக்கை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, ஜாக்கெட் பிட் கவுண்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரெடிமேடு ஸ்டாண்டு போட்டால் என்ன?" எனக்கும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வாடகை ஏறிக்கொண்டிருக்கிற இடத்தில், நாற்பது நிற ரூபியாவை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு?

ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி, அந்தக் கவுண்டரில் போடும் சிட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். மாதக் கடைசியில் உட்கார்ந்து புரட்டியபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே புது ஆட்கள் குறைவு. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். வாங்கியதும் புதிதாக ஒன்றும் இல்லை, போன முறை வாங்கிய அதே அளவு, அதே ரகம், நிறம் மட்டும் வேறு. அதாவது அவர்களுக்கு ஒரு உடுப்பு சரியாக அமைந்துவிட்டது. அமைந்ததையே மறுபடி மறுபடி தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இந்தக் காரியம் காகிதத்தில் நடந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-ல் அளவு வாரியாக வெட்டிய காகித மாதிரிகளை விற்க ஆரம்பித்தார். காகிதத்தைத் துணிமேல் வைத்து, ஓரமாக வெட்டித் தைத்தால் வேலை முடிந்தது. அந்தக் காகிதத்துக்காகவே பெரிய வியாபாரம் வளர்ந்தது. நம் ஊரில் அது அவ்வளவாக வேரூன்றவில்லை. தேவைப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நமக்குத்தான் அளவு ஜாக்கெட் இருக்கிறதே! சாயம் போய், கை ஓரம் நைந்து, ஊக்கு இரண்டு விழுந்துபோன ஒரு பழைய ஜாக்கெட். உடுத்த முடியாது, ஆனால் தூக்கிப் போடவும் மாட்டார்கள். எந்தத் தையற்காரரிடம் கொடுத்தாலும் "இதே மாதிரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வீட்டில் அளவு ஜாக்கெட் காணாமல் போனால் என்ன பாடு என்பது வீட்டில் பெண்கள் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

எந்த மாதிரிகள் இப்படித் திரும்ப வருகின்றன என்று தெரிந்துகொண்டால் கொள்முதலில் பாதிக் குழப்பம் தீரும். முதல் இடம் சந்தேகமில்லாமல் சாதா டாட் பிடித்த ஜாக்கெட்டுக்குத்தான். கட்டோரி, பிரின்சஸ் கட் எல்லாம் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் வரும், போகும். தினமும் பள்ளிக்கூடத்துக்கோ ஆபீசுக்கோ போகிற அம்மாக்கள் சாதாவையே கேட்கிறார்கள். குறுக்காக வெட்டித் தைக்கிற கிராஸ் கட்டிங்குக்கும் நிரந்தர வாடிக்கை உண்டு. துணியைச் சாய்வாக வைத்து வெட்டும்போது நெசவு சற்று இழுபடும், உடம்போடு ஒட்டி நிற்கும். ஒரு முறை பழகியவர்கள் மாற மாட்டார்கள். ஆனால் சாய்வாக வெட்டுவதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும்.

இங்கேதான் நம் பையன்கள் தவறு செய்கிறார்கள். "ஜாக்கெட்டுக்கு" என்றதும் 80 சென்டிமீட்டர் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முழங்கை வரை கை வைப்பவருக்கும், கிராஸ் கட்டிங்காரருக்கும் ஒரு மீட்டர் இல்லாமல் முடியாது. உடம்பு கொஞ்சம் கனமானவருக்கும் அப்படியே. சாயங்காலம் அந்த அம்மா இன்னும் 20 சென்டிமீட்டர் கேட்டுத் திரும்பி வரும்போது அந்த நிறம் தீர்ந்திருக்கும். மீந்த துணியும் வீண், வாடிக்கையும் வீண். "கை எவ்வளவு உயரம்? கிராஸா, நேரா?" என்ற இரண்டு கேள்விகளை எங்கள் கடையில் இப்போது கத்திரியை எடுக்கும் முன் கேட்டாக வேண்டும்.

லைனிங் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தையற்கார அக்கா. கல்யாண வீட்டு ஆர்டர் என்று ஒன்பது சில்க் காட்டன் ஜாக்கெட்டுக்கு என்னிடம் லைனிங் எடுத்தார். வழக்கமாக வாங்கும் இடத்தை விட்டு, மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று வேறொரு இடத்தில் நான் வாங்கிப் போட்டிருந்த சரக்கு அது. முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கிவிட்டது. மேல் துணி அப்படியே நிற்க, உள்ளே இருப்பது இழுத்துக்கொள்ள, ஒன்பதும் முதுகில் சுருக்கம் சுருக்கமாகப் பை மாதிரி தொங்கின. அந்த அக்கா கூலி வாங்காமல் அத்தனையையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். நான் லைனிங்கைத் திரும்பக் கொடுத்தேன், துணிக் காசையும் கொடுத்தேன். அவர் இராத்திரி கண் விழித்த கூலியை யார் கொடுப்பது? அதற்குப் பிறகு என் கடை வாசல் வழியாகத்தான் பஸ்சுக்குப் போவார். ஆனால் படி ஏறவில்லை.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புது லைனிங்கோ பாப்ளினோ வந்து இறங்கினால் முதலில் சரியாக 50 சென்டிமீட்டர் வெட்டி, இராத்திரி முழுவதும் தண்ணீரில் போட்டு, மறுநாள் நிழலில் காய வைத்து அளந்து பார்க்கிறோம். 48-க்கு வந்தால் நூற்றுக்கு நாலு பங்கு சுருக்கம். அதை ஒரு அட்டையில் எழுதி அந்த அலமாரியிலேயே செருகிவிடுகிறோம். வாங்குபவரிடமும் "நனைத்துக் காய வைத்து வெட்டுங்கள்" என்று சொல்லியே கொடுக்கிறோம். இதைச் சொன்னால் சரக்கு மட்டம் என்று நினைத்துவிடுவார்களோ என்று மகன் பயந்தான். அப்படி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. இரண்டு மீட்டர் கேட்டவர்கள் சுருக்கத்துக்கும் சேர்த்து இரண்டேகாலாக எடுக்கிறார்கள்.

அடுத்தது உள்பாவாடை. ரெடிமேடு பாவாடை மலிவாகக் கிடைக்கும்போது யார் தைக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். தைக்கிறார்கள். ரெடிமேடில் உயரம் ஒத்து வந்தால் இடுப்பு ஒத்து வராது, சுற்று போதாமல் படி ஏறும்போது காலை இழுக்கும். ஆறு பீஸ் பாவாடையை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும், ஒன்றைத் தலைகீழாக மாற்றி அடுத்ததை வைத்து வெட்டுவார்கள். வீண் போகும் துணி மிகக் குறைவு. 36 அங்குல அகலத் துணியில் குள்ளமானவருக்கு 2 மீட்டர், நல்ல உயரமானவருக்கு 2.25 மீட்டர் ஆகும். தையல் பழகுகிறவர்கள் முதலில் தைப்பதும் இதுதான். நம் மாநிலத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தையல் இயந்திரம் வாங்கிய பெண்கள் பலர் பாவாடையிலும் நைட்டியிலும்தான் தொழில் ஆரம்பித்தவர்கள். அப்படி ஒருவர் நம் கடைக்கு வந்தால் அவரை ஒரு பாவாடைத் துணி வாங்க வந்தவராகப் பார்க்கக் கூடாது. அவர் பின்னால் ஒரு தெருவே வரும்.

நைட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 3 மீட்டர் காட்டன், நெஞ்சுப் பட்டி, முன்பக்கம் ஜிப், பக்கவாட்டில் ஒரு பாக்கெட். தோளில் துண்டு போட்டால் பால் பூத் வரை போய் வந்துவிடலாம்! பாக்கெட் இல்லாத ரெடிமேடு நைட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் துணிக்கு வந்தவர்கள் உண்டு.

பாக்கெட் என்றதும் நம் பெரியவர்களின் பட்டாப்பட்டி அண்டர்வேர் நினைவுக்கு வருகிறது. கோடு போட்ட துணி, இடுப்பில் நாடா, பக்கத்தில் ஆழமான பை. கொள்முதலுக்குப் போகும்போது ரொக்கம் அந்தப் பையில்தான் போகும். பஸ்சில் எந்தத் திருடனும் அங்கே கை வைக்க முடியாது. இன்றும் மாதத்துக்கு நாலைந்து பேர் அந்தத் துணி கேட்டு வருகிறார்கள், நானும் நிறுத்தாமல் வைத்திருக்கிறேன். லாபத்துக்காக என்று சொன்னால் மகன் சிரிப்பான். என் அப்பா கடைசி வரை அதைத்தான் போட்டார்.

பெண் குழந்தைகளின் பாவாடை சட்டை தனி ரகம். விவரம் தெரிந்தவர்கள் பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள். குழந்தை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் உயரம் கூடும். மேல் சட்டையின் பக்கவாட்டிலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருப்பார்கள். ஒரு தீபாவளிக்குத் தைத்தது அடுத்த தீபாவளியையும் பார்த்துவிடும். இதனால் நமக்கு ஒரு பாவாடை வியாபாரம் குறைகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கலாம். மடிப்புக்குச் சேர்த்து அரை மீட்டர் கூடப் போகிறது, கரைக்கு ஏற்ற நூல் போகிறது, அந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கும் நம்மிடமே வருகிறார்கள் என்பது என் அனுபவம்.

பள்ளிச் சீருடைத் துணியில் ஒரே ஒரு எச்சரிக்கை. மே மாதம் வாங்கியவர் ஆகஸ்டில் இன்னொரு செட் தைக்க வருவார். நிறம் ஒரு சாயல் மாறினாலும் பிள்ளை போட மாட்டான். பழைய பீஸில் ஒரு துண்டை வெட்டித் தேதி எழுதி வைத்துக்கொண்டு, புதுச் சரக்கைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா நீலமும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஒரு ஜாக்கெட்டுக்கு நம்மிடமிருந்து போவது மேல் துணி மட்டும் இல்லை. லைனிங், நூல்கண்டு, ஊக்கு, கழுத்துக்குப் பைப்பிங், சேலைக்கு ஃபால்ஸ் எல்லாம் கூடவே போகும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது துணிக்கும் 5 சதவீதம் வந்து, பில் போடுவது சிறு கடைக்காரருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அப்போது நூலையும் ஊக்கையும் எதற்கு வைத்திருப்பது என்று சிலர் எடுத்துவிட்டார்கள். ஊக்கு கிடைக்காத கடைக்குத் துணி வாங்கவும் ஆள் வருவதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் கடையில் ரெடிமேடு ஸ்டாண்டு வந்துவிட்டது. மகன் ஆசைப்பட்டபடி வாசல் பக்கம் நிற்கிறது, ஓடவும் செய்கிறது. ஜாக்கெட் பிட் கவுண்டர் உள்ளே போயிருக்கிறது, ஆனால் ஒரு அலமாரியும் குறையவில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு இழுப்பறையில் வாடிக்கையாளர்கள் விட்டுச்செல்லும் அளவு ஜாக்கெட்டுகளைப் பேப்பரில் சுற்றி, பெயர் எழுதி வைத்திருக்கிறோம். மீட்டர் கணக்கில் சந்தேகம் வந்தால் அதை எடுத்து அளந்து பார்த்துத்தான் கிழிக்கிறோம்.

போன தை மாதம் அந்தத் தையற்கார அக்கா படி ஏறி வந்தார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. பன்னிரண்டு மீட்டர் லைனிங் வேண்டும் என்றார். அலமாரியில் செருகியிருந்த அட்டையைக் கையில் எடுத்து வாசித்தார். "இது நீங்களே நனைச்சுப் பார்த்து எழுதினதா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பன்னிரண்டரையாகக் கிழிக்கச் சொன்னார்.