சென்டர் ஸ்டாண்டு

சென்டர் ஸ்டாண்டு (நடுத்தாங்கி) என்பது மோட்டார் சைக்கிளைச் சாயாமல் நேராக நிறுத்தப் பயன்படும் இருகால் தாங்கி ஆகும். இதில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையைத் தொடாது. எனவே செயினுக்கு எண்ணெய் இடவும், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவும் இது உதவுகிறது.

இயங்கும் முறை

தாங்கி, வண்டிச் சட்டத்தின் அடியில் ஓர் அச்சைப் பற்றிச் சுழல்கிறது. நிறுத்தும்போது அதன் கால்கள் செங்குத்து நிலையைத் தாண்டிச் சற்று முன்னே சென்று, தடையில் முட்டி நிற்கும். வண்டியின் எடையே தாங்கியை அந்நிலையில் இருத்துகிறது. வண்டி ஓடும்போது தாங்கியை மேலே இழுத்துப் பிடிப்பது சுருள்வில் (ஸ்பிரிங்) ஆகும்.

தேய்மானம்

அச்சுத் துளையும் தடையும் தேய்ந்தால் கால்கள் கூடுதலாக முன்னே செல்லும். வண்டி தாழ்ந்து பின்சக்கரம் தரையில் படும். ஸ்பிரிங் அறுந்தால் தாங்கி தொங்கிச் சாலையில் உரசும். வளைவில் திரும்பும்போது இது விபத்துக்குக் காரணமாகலாம்.

பழைய வண்டிகளில் மாற்றுதல்

சென்னையில் உருவாக்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வெளிவந்தது. ஆதலால் அதற்கு மாற்று உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. ஆயினும் துளைகளின் இடைவெளி, ஸ்பிரிங் கொக்கியின் இடம், காலின் உயரம் ஆகியவற்றை ஒப்பிட்டே வாங்க வேண்டும். உயரம் குறைந்தால் சக்கரம் எழும்பாது. மிகுந்தால் வண்டியைத் தூக்கி நிறுத்துவது கடினம்.

பொருத்தும்முன் வண்டி சாயாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். அச்சும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றிக் கிரீஸ் இட வேண்டும். இல்லையெனில் புதிய தாங்கியும் ஆடும். ஸ்பிரிங்கை மாட்டிய பின், தாங்கி தானே முழுவதும் மேலேறுவதை உறுதி செய்தபிறகே வண்டியை ஓட்ட வேண்டும்.